எதற்குச் சம்மதித்தோம்?

சென்ற மாதத்தில் நமது வாசகசாலைக்கு வழக்கமாக வரும் தோழர் ஒருவர் மிகுந்த மனச்சங்கடத்தோடு நம்மிடம் வந்து ஒரு சங்கதி சொன்னார். அவர் ஒரு துளி மதுவும் தொட்டறியாதவர். அவருடைய தம்பிக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டு. அதை நிறுத்த வழியென்னவென்று ஒரு நாள் இரவு தமது கைப்பேசியில் தேடியிருக்கிறார். குடியை நிறுத்த மாத்திரை விற்பதாகச் சொல்லும் ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களில் ஒருவர், பொழுது போகாமல் அதே கைப்பேசியை வாங்கிச் செய்தி படித்திருக்கிறார். கிரிக்கெட்டுச் செய்தியின் நடுவில் குடியை நிறுத்தும் மாத்திரை. மழைச் செய்தியின் ஓரத்தில் குடியை நிறுத்தும் மாத்திரை. அரிசி விலைச் செய்தியின் அடியிலும் அதே மாத்திரை! வந்தவர் வாய் திறந்து கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய், "பெண்ணின் தகப்பனாருக்குக் குடிப் பழக்கம் உண்டு போலிருக்கிறது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

"ஐயா, நான் தேடினது எனக்கும் அந்தக் கைப்பேசிக்கும் மட்டுந்தானே தெரியும்? அது எப்படி ஊரெல்லாம் பறையடித்தது?" என்று தோழர் கேட்டார். பக்கத்திலிருந்த ஒருவர், கைப்பேசி நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்கிறது என்றார். இன்னொருவர், எல்லாம் கெட்ட காலம் என்றார். பேயென்றும், நேரமென்றும், மாயமென்றும் சொல்லிக் கொண்டிருப்பதைவிட, காரணம் என்னவென்று கேட்பதே அறிவுடையோர் செய்கையாகும். ஆகவே நாம் அதைக் கேட்டு, படித்து, விசாரித்துத் தெரிந்துகொண்ட மட்டில் இங்கு எழுதுகின்றோம். நாம் காலேஜுப் படிப்புப் படித்தவரல்ல. நமக்கு விளங்கினது நமது தோழர்களில் எவருக்கும் விளங்கும் என்கின்ற தைரியத்தினாலேயே எழுதத் துணிந்தோம்.

இதில் மாயமொன்றும் இல்லை. இதற்குக் "குக்கீ" என்று பெயர். இங்கிலீஷில் அதற்குப் பிஸ்கோத்து என்று அர்த்தம். பெயர் தின்பண்டத்தின் பெயராயிருந்தாலும் உண்மையில் அது ஒரு டோக்கனேயாகும். எப்படியெனில், சினிமாக் கொட்டகையில் சைக்கிளை விட்டால் ஸ்டாண்டுக்காரர் ஒரு டோக்கன் கொடுக்கிறார். திரும்பி வரும்போது அவருக்கு நம் முகம் ஞாபகமிருக்காது. டோக்கனைப் பார்த்து இன்ன சைக்கிள் இன்னாருடையது என்று எடுத்துக் கொடுக்கிறார். இணையத்தில் நாம் போகும் தளங்களும் முகம் மறக்கும் அந்த ஸ்டாண்டுக்காரரைப் போன்றவைகளே. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, உடனே அடுத்த பக்கத்தைக் கேட்டாலும், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பது அந்தத் தளத்துக்குத் தானாகத் தெரியாது. ஆகையால் முதல் தடவை போகும்போது ஒரு சிறு எழுத்துத் துணுக்கை நம்முடைய பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. மறுமுறை போகும்போது பிரவுசர் அதை நம்மைக் கேளாமலே எடுத்து நீட்டுகிறது.

அந்தத் துணுக்கு சுமார் நாலாயிரம் எழுத்துக்குட்பட்டது. அது ஓடும் இயந்திரமுமல்ல, நோய்க்கிருமியுமல்ல. நம் கைப்பேசியிலுள்ள படத்தையும் கடிதத்தையும் அதனால் படிக்க முடியாது. கொடுத்த தளத்துக்கே திரும்பிப் போகுமேயல்லாமல் வேறு தளத்துக்குப் போகாது. ரயில் டிக்கட்டு வாங்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் ஒரு தடவை கொடுத்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் கொடுக்க வேண்டியதில்லாமலிருப்பதும், கடையில் கூடையில் போட்ட சாமான் மறையாமலிருப்பதும் இதனாலேயேயாகும். ஆகவே டோக்கன் என்பதே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும்.

இதை 1994-ல் அமெரிக்காவிலுள்ள நெட்ஸ்கேப் என்னும் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்பவர் உண்டாக்கினார். வந்தவர் புதியவரா, முன்னமே வந்தவரா என்று தெரிந்துகொள்ளவும், கடைக் கூடையை ஞாபகம் வைக்கவுமே அது முதலில் பயன்பட்டது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. பிரவுசரை உபயோகித்த ஜனங்களுக்கு இப்படி ஒன்று தங்கள் கம்ப்யூட்டரில் வைக்கப்படுகின்றது என்று ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. 1996 பிப்ரவரியில் லண்டன் "பைனான்சியல் டைம்ஸ்" பத்திரிகை எழுதின பிறகே விஷயம் வெளியில் பரவிற்று. நன்மைக்கே செய்தாலும் ஒருவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் ஒரு சாமானை வைப்பது மரியாதையாகுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, தோழருடைய கதைக்கு வருவோம். கொடுத்த தளத்துக்கே டோக்கன் திரும்பிப் போகும் என்றால், மாத்திரைக் கடைக்காரனுக்குத் தெரிந்தது செய்திப் பத்திரிகைக்கு எப்படித் தெரிந்தது? சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அது முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து பத்திரிகையிடமிருந்து வரும். ஓரத்திலுள்ள விளம்பரம் வேறொரு விளம்பரத் தரகனிடமிருந்து வரும். சில சமயம் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியளவு படம் அந்தத் தரகனிடமிருந்து வரும். அதைக் கேட்டு வாங்கும்போது, எந்தப் பக்கத்துக்காகக் கேட்கப்படுகிறது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கூடவே அவனும் தன் டோக்கன் ஒன்றைக் கொடுத்து வைக்கிறான். நாம் பார்க்கப் போனது கடைக்காரனை. நமக்கு டோக்கன் கட்டினவன் நாம் பார்க்கவேயில்லாத மூன்றாம் பேர்வழி.

இந்த மூன்றாம் பேர்வழியின் ஆள் மாத்திரைக் கடையிலும் நிற்கிறான், பத்திரிகையிலும் நிற்கிறான், சமையல் குறிப்பிலும் நிற்கிறான், மழைச் செய்தியிலும் நிற்கிறான். எங்கே போனாலும் நம் பிரவுசர் அவன் கொடுத்த அதே டோக்கனை அவனிடம் நீட்டுகிறது. அவனுக்கு நம் பெயர் தெரிய வேண்டியதேயில்லை. "இந்த நெம்பர்க்காரர் திங்கட்கிழமை ராத்திரி குடிமாத்திரை பார்த்தார்" என்று கணக்கில் எழுதிக் கொண்டால் போதும். செவ்வாய்க்கிழமை அந்த நெம்பர் பத்திரிகை படிக்க வந்தவுடன் மாத்திரை விளம்பரத்தைக் காட்டிவிடுகிறான். அது அவர் தம்பிக்காகப் பார்த்தது என்று அந்தக் கணக்குக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. நம் தோழரை ஒட்டுக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு டோக்கனும் ஒரு கணக்குப் புஸ்தகமுமே அவருடைய மானத்தை வாங்கப் போதுமானவையாயிருந்தன.

இந்த அபாயம் தெரியாமல் நடந்துவிட்டதென்று யாரும் சொல்லுவதற்கில்லை. 1997 பிப்ரவரியில் இணைய நிபுணர்கள் குக்கீக்கு முதல் பொதுவிதி வகுத்தபோதே, மூன்றாம் பேர்வழியின் டோக்கன்களை அனுமதிக்கக் கூடாது, அல்லது உபயோகிப்பவர் தாமாகத் திறந்துவிட்டாலொழிய மூடியே வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அன்றைக்குப் பெரிய பிரவுசர்களை வைத்திருந்த நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அதைச் சட்டை செய்யவில்லை. வியாபாரம் முன்னே போயிற்று. நியாயம் பின்னே நின்றது.

பிறகு ஐரோப்பிய தேசத்தார் விழித்துக் கொண்டார்கள். அத்தியாவசியமல்லாத டோக்கன்களை வைப்பதற்கு முன் ஜனங்களுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று 2009-ல் தங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 மே மாதம் அமுலுக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சம்மதம் என்றால் என்னவென்பதையும் கண்டிப்பாக வகுத்தார்கள். இன்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்" என்று ஒரு பலகை குறுக்கே வந்து நிற்பது பெரும்பாலும் இதனாலேயேயாகும்.

ஆனால் அந்தப் பலகையின் யோக்கியதையைச் சற்றுப் பாருங்கள். "அக்செப்ட் ஆல்", அதாவது எல்லாவற்றுக்கும் சம்மதம் என்னும் பொத்தான் பச்சையாகவும் நீலமாகவும் பெரிதாக மின்னுகிறது. பல பலகைகளில் வேண்டாம் என்பதற்குப் பொத்தானே இருக்காது. "மேனேஜ்" என்று வெளுத்துப்போன எழுத்தில் ஒன்றிருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு பலகை. அதற்குள் முப்பது வரி. போதாக்குறைக்கு "லெஜிடிமேட் இன்ட்ரஸ்ட்" என்றொரு தலைப்பின்கீழ், நாம் கேளாமலே சிலது திறந்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு நியாயமான அக்கறை என்று அர்த்தமாம்! யாருடைய அக்கறை? கம்பெனியுடைய அக்கறை! மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மடியில் கை விடுவதற்கு மரியாதை என்று பேரா?

இந்தத் தந்திரங்கள் கோர்ட்டுப் படியும் ஏறியாயிற்று. ஜெர்மனியில் பிளானட்49 என்னும் கம்பெனி பரிசுப் போட்டி நடத்தியது. அதில் சம்மதக் கட்டத்தில் தானே முன்கூட்டிக் குறி போட்டு வைத்து, வேண்டாதவர்கள் அழித்துக் கொள்ளட்டும் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ந் தேதி, அது சம்மதமாகாது என்று தீர்ப்புக் கூறிற்று. சும்மாயிருந்தவனைச் சம்மதித்தவன் என்று சொல்லக் கூடாது என்பது இதன் சாரம்.

பிரான்சு தேசத்தில் சி.என்.ஐ.எல். என்னும் தகவல் பாதுகாப்பு அதிகார சபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கூகுளிலும் பேஸ்புக்கிலும் சம்மதிக்க ஒரே அழுத்தல். மறுக்கவோ பல அழுத்தல். மறுப்பது சம்மதிப்பதைப் போல் சுலபமாயிருக்க வேண்டாமா என்று கேட்டு, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்திருப்பதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு லட்சம் யூரோ என்றும் சொல்லிற்று. என்ன நடந்தது? அத்தனை காலம் வைக்க முடியாதிருந்த "எல்லாம் வேண்டாம்" என்னும் பொத்தான் 2022 ஏப்ரலில் பிரான்சில் தோன்றிவிட்டது! ஆகவே முடியாமலில்லை, மனமில்லாமலிருந்தது. அபராதம் வந்ததும் மனம் வந்தது.

பிரவுசர் கம்பெனிகளின் நடத்தையும் இதையே காட்டுகின்றது. ஆப்பிள் கம்பெனியின் சபாரி, 2020 மார்ச்சு முதல் மூன்றாம் பேர்வழி டோக்கன்களைத் தானாகவே தடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் டோக்கனையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, ஒரு தளத்தில் பெற்றதை இன்னொரு தளத்தில் காட்டாமல் செய்தது. உலகில் மிக அதிகம் பேர் உபயோகிக்கும் குரோமை வைத்திருக்கும் கூகுளோ, இரண்டு வருஷத்தில் ஒழிப்போம் என்று 2020-ல் சொன்னது. பிறகு 2021-லும், 2022-லும், 2024-லும் தவணை கேட்டது. கடைசியில் ஒழிக்கப் போவதில்லை என்று 2024 ஜூலையில் சொல்லி, தனியாக ஒரு கேள்விகூடக் கேட்கப் போவதில்லை என்று 2025 ஏப்ரலில் முடித்துவிட்டது. போட்டிக்காரர்களுக்கு நஷ்டமாகும், அதிகாரிகள் ஆட்சேபிக்கிறார்கள் என்று காரணம் கூறப்பட்டது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பிரவுசரும் அதனுடையது, உலகத்திலேயே பெரிய விளம்பரத் தரகும் அதனுடையது என்னும்போது, பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்னும் பழமொழிதான் நமக்கு ஞாபகம் வருகின்றது.

"இலவசமாகப் படிக்கிறோமே, அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்று சில நல்லவர்கள் கேட்கின்றார்கள். விளம்பரம் போட வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பத்திரிகையில் விவசாயப் பக்கத்தில் பம்புசெட்டு விளம்பரம் போட்டார்கள். அதைப் படித்தவன் பின்னாலேயே ஆளனுப்பி, அவன் எந்த டாக்டரிடம் போகிறான், எந்த அடகுக் கடையில் ஏறுகிறான் என்று பார்த்து வரச் சொல்லவில்லை. பக்கத்துக்குத் தகுந்த விளம்பரம் வேறு. ஆளைத் துரத்தும் விளம்பரம் வேறு.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, எனக்கென்ன பயம்?" என்று வேறு சிலர் சொல்லுகின்றார்கள். நமது தோழருக்கும் மறைக்க ஒன்றுமில்லை. குடிக்காத மனுஷர் அவர். ஆனாலும் மகளுடைய சம்பந்தம் தட்டிப் போயிற்று. வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கின்ற நம் குடும்பங்களில், ஒரு பெண் தன் உடம்பைப் பற்றியும், ஒரு கடனாளி தன் கடனைப் பற்றியும், ஒரு வாலிபன் தான் விரும்பும் வேறு வேலையைப் பற்றியும் தனியாகத் தெரிந்துகொள்ள உரிமையில்லையா? குளிக்கிறபோது கதவைச் சாத்துகிறவரெல்லாம் திருடரா? அறிவு தேடுகிறவன் வெட்கப்படும்படி செய்தால் அவன் தேடுவதையே விட்டுவிடுவான். அதுவே இதிலுள்ள பெரிய கெடுதி என்பது நம் அபிப்பிராயம்.

நம் நாட்டு நிலைமை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக அமுலுக்கு வரும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லை. ஆனால் சம்மதம் என்பது சுதந்திரமாகவும், இன்ன காரியத்துக்கென்று தெரிந்தும், நிபந்தனையின்றியும் கொடுக்கப்பட்டதாயிருக்க வேண்டும் என்று இருக்கின்றது. கொடுத்தது போலவே சுலபமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இடமிருக்க வேண்டும். அறிவிப்பை இங்கிலீஷிலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் ஒன்றிலோ படிக்க வசதி செய்ய வேண்டும். தமிழும் அதில் ஒன்று. ஆகவே தமிழில் கேட்காத கேள்விக்குத் தமிழன் சம்மதித்துவிட்டான் என்று இனி எவனும் சொல்ல இடங்கொடுக்கக் கூடாது. நமக்குப் புரியும் பாஷையில், ஒரே அளவில் இரண்டு பொத்தான் என்பதே நாம் கேட்க வேண்டியதாகும்.

அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நாம் செய்யக் கூடியவைகள் இவையாகும்.

முதலாவது, பலகை வந்தால் பெரிய பொத்தானை அழுத்தாதீர்கள். "ரிஜெக்ட் ஆல்" அல்லது "நெசசரி ஒன்லி" என்பதைத் தேடுங்கள். அவசியமான டோக்கன் மட்டும் இருந்தாலே தளம் வேலை செய்யும்.

இரண்டாவது, குரோமில் மேலேயுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸில் "தேர்ட் பார்ட்டி குக்கீஸ்" என்னுமிடத்துக்குப் போய், தடுக்கும்படி வைத்துவிடுங்கள். கைப்பேசியில் அது பெரும்பாலும் "சைட் செட்டிங்ஸ்" என்பதற்குள் இருக்கும். ஒரு தடவை செய்தால் போதும். ஏதாவது ஒரு தளம் இதனால் தகராறு செய்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

மூன்றாவது, பழைய டோக்கன்களை அப்போதைக்கப்போது அழியுங்கள். "டெலீட் பிரவுசிங் டேட்டா" என்பதில் குக்கீயைக் குறித்து அழிக்கலாம். அழித்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழைய வேண்டிவரும். ஆகையால் கடவுச்சொல்லை முன்னதாகக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை ஞாபகம் வைப்பதும் ஒரு டோக்கனே. அதுவும் அழிந்துபோவதால் பலகைகள் மறுபடி கேட்கும். மறுபடியும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நாலாவது, பிரவுசிங் சென்டரில் பரீட்சைக்கோ வேலைக்கோ மனுப் போடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். உள்நுழைந்த பிறகு உங்கள் டோக்கனே உங்களுக்குப் பதில் ஆள். ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போனால், அடுத்து உட்காருகிறவன் உங்கள் கணக்குக்குள்ளேயே உட்காரக் கூடும். ஆகவே "லாக் அவுட்" செய்தே எழுந்திருங்கள். கூடுமானால் முதலிலேயே "இன்காக்னிடோ" ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடியதும் அதன் டோக்கன்கள் அழிந்துவிடும். ஆனால் அதைப் போட்டுக் கொண்டால் யாருக்குமே தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்புக் கொடுத்தவருக்கும் தெரியத்தான் தெரியும்.

ஐந்தாவது, கைப்பேசிச் செயலிகளில் குக்கீக்குப் பதிலாக விளம்பர நெம்பர் ஒன்று வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் "ஆட்ஸ்" என்னுமிடத்தில் அதை நீக்கிவிடலாம். ஐபோனில், பின்தொடர அனுமதியா என்று செயலி கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லலாம்.

இவ்வளவும் செய்தால் பின்தொடர்வது அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். திரையின் அளவு, எழுத்துருக்கள் முதலிய அடையாளங்களைச் சேர்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தையும் இருக்கின்றது. அதைச் சட்டத்தினால்தான் அடக்க வேண்டும். ஆனால் திருடன் ஏணி வைத்து ஏறுவான் என்பதற்காக வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறவர் உண்டா?

மற்றவர்களைச் சொல்லும் முன் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நாமும் வெகு காலம் அந்தப் பச்சைப் பொத்தானை வாசிக்காமலே அழுத்தி வந்தவர்தாம். எதையும் ஏன், எதற்கு என்று கேட்க வேண்டுமென்று மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து, என்னவென்று தெரியாத ஒன்றுக்குத் தினம் பத்துத் தடவை சம்மதம் என்று சொல்லிக் கொண்டிருந்தோம். சோம்பலும் அவசரமுமே காரணம். அந்தச் சோம்பலில்தான் அவர்கள் வியாபாரம் நடக்கின்றது.

தோழருடைய கைப்பேசியை வாசகசாலையிலேயே வாங்கி, எல்லோரும் பார்க்க, மேலே சொன்னபடி செய்து கொடுத்தோம். மாத்திரை விளம்பரம் நின்றது. அவர் சம்பந்திகள் வீட்டுக்கு நேரில் போய் விளக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர்கள் நம்புவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் அறிவைப் பொறுத்தது. ஆனால் அன்றைக்கு அங்கிருந்த பதினாறு பேரும் தங்கள் தங்கள் கைப்பேசியை எடுத்துத் தாங்களே திருத்திக் கொண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் தோழர்கள் ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்கி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கின்றோம். தெரியாமல் சொன்ன "ஆம்" சம்மதமாகாது. தெரிந்து சொல்லும் "வேண்டாம்" என்பதில்தான் மனிதனுடைய மானம் இருக்கின்றது.